மடி வரை தெரிய வேண்டும்

இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று. உதடு அசையும், சத்தம் வராது. ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே நீட்டி, படத்தைத் தள்ளி வைக்கிற பொத்தானைப் பெருவிரலால் இருபத்துமூன்று முறை அமுக்கிய பிறகுதான் பாஸ்போர்ட் என்று எல்லோரும் கூப்பிடுகிற டெக்னீஷியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதலில் திரையில் நாற்காலியின் முதுகு மட்டும் தெரியும். பிறகு கைப்பிடி, பிறகு இருக்கை. கடைசி இரண்டு அமுக்கில் முன்கால்கள் வந்துவிடும். அந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்தால் தலை உச்சியிலிருந்து முழங்கால் வரை தெரிய வேண்டும். அதற்கு மேலே ஓர் அங்குலம் நெருங்கினாலும் அவருக்கு ஆகாது.

இந்த அளவைக் கேமராவின் நினைவில் பதிந்து வைத்தால் மறுநாள் ஒரே அமுக்கில் வந்துவிடும். ஒன்பது வருடமாக இதே வேலையில் இருப்பவருக்கு அது தெரியாதா? தெரியும், ஆனால் பதிய மாட்டார். “பதிஞ்சு வச்சா வேணும்னே செஞ்சதுன்னு ஆயிடும். பதியலைன்னா அது மிஷின் கோளாறு” என்பார். ஏற்கெனவே பதிந்திருக்கும் ஒன்றாம் எண் படம் மேலிடத்துச் சுற்றறிக்கை சொல்கிறபடி இருக்கிறது. முகமும் தோளும், பின்னால் நீலத் துணி. யாராவது சோதனைக்கு வந்தால் அதை அமுக்கிக் காட்டுவார். அவர்கள் போனதும் மறுபடி இருபத்துமூன்று. நடுவில் மாட்டிக்கொண்டால் அதற்கும் ஒரு பதில் உண்டு. “காலைல சரியாத்தான் சார் இருக்கும். சூடேற ஏற ஜூம் மோட்டர் பின்னாடி நழுவிடுது.”

இதெல்லாம் நடக்கிற இடம் ஒரு சிறைச்சாலையின் வி.சி. ரூம், வீடியோ கான்பரன்ஸ் அறை. விசாரணைக் கைதிகளை வண்டியேற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல், இங்கிருந்தபடியே நீதிபதிக்குத் திரையில் காட்டிக் காவலை நீட்டித்து வாங்குகிற அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரில் ஒரு பெரிய டி.வி., அதன் தலையில் கேமரா, மூலையில் கருவிப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட்டின் மேசை, அதன் மேல் போகிற படத்தை அவர் மட்டும் பார்க்க ஒரு சின்னத் திரை. வாசலையொட்டி ஒரு வார்டர் நிற்பார், படத்தில் விழாத தூரத்தில். வெளியே வராந்தாவில் அன்றைக்கு முறை வந்தவர்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஒருநாளைக்கு இருபத்தைந்து பேர். ஆளுக்கு நாற்பது வினாடி. பெயர், வழக்கு எண், “ஏதாவது சொல்லணுமா?”, “இல்லைங்க ஐயா”, பதினைந்து நாள், அடுத்தது.

பாஸ்போர்ட் என்ற பெயரை வைத்தது ஒரு பழைய வார்டர். இங்கே வருவதற்கு முன் அவர் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடை மூடியதில் அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை, சம்பளமே சரியாக வராத கடை. கையோடு கொண்டுவந்தது ஒரு பழக்கத்தைத்தான். காது இரண்டும் தெரியணும், தோளோடு நிறுத்தணும், சட்டத்துக்குள் வேறு எதுவும் தலைகாட்டக் கூடாது. இங்கே வந்த முதல் மாதமே நீதிமன்ற எழுத்தர் அம்மா போன் செய்து, “சார், உங்க ஜெயில் படம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு” என்றார். பாஸ்போர்ட் அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று தடவை சொன்னாராம். மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர். வாய் நீளம். “குளிர்ச்சிக்கு நம்ம கடையில சொட்டு மருந்தே இருக்கு” என்றார்.

இப்போது அந்த அம்மாவிடமிருந்து அப்படிப்பட்ட போன் எதுவும் வருவதில்லை. “என்ன சார், ஆளை இருட்டறையில உட்கார வச்சிருக்கீங்களா?” என்றுதான் வரும். “டியூப்லைட் பழசு மேடம்” என்பார் பாஸ்போர்ட். டியூப்லைட் போன வருடம் போட்டது. வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி விட்டால் கேமரா முகத்தை வெள்ளையடித்த சுவராக ஆக்கிவிடும். கன்னிப்போன இடம், வீங்கின இடம் எல்லாம் அந்த வெள்ளையில் கரைந்துபோகும். அதனால் அதை நிறுத்திவிட்டு, கையாலேயே இரண்டு படி குறைத்து வைத்திருக்கிறார். படம் அழகாக இருக்காது, ஆனால் இருப்பது தெரியும்.

இன்னொன்றும் செய்வார். டி.வி.யின் வலது மூலையில், கைதி தன்னையே பார்க்கும்படியாக ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்து வைப்பார். அப்படித் திறக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. ஆரம்பத்தில் அதை மூடித்தான் வைத்திருந்தார், ஏனென்றால் பாதிப் பேர் நீதிபதியை விட்டுவிட்டு அதைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். இப்போது கோதினால் கோதட்டும் என்று விட்டுவிட்டார். “தான் எது வரைக்கும் தெரியறோம்னு உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியணும் சார்” என்பார்.

இவ்வளவும் ஒரே ஒரு ஆளால் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், டயர்க் கடையில் வேலை பார்த்த ஒருவன். முப்பது வயதுகூட இருக்காது. வந்தான், உட்கார்ந்தான். ஒன்றாம் எண் படம், முகமும் தோளும், அப்பழுக்கு இல்லை. “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று நீதிபதி கேட்டார். அவன் “இல்லைங்க ஐயா” என்றான். சொல்லிக்கொண்டே மடியிலிருந்த இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் கீழே வரை மெல்லத் தூக்கி, உள்ளங்கையைத் திரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான். வாய் இல்லை என்றது, கை காட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற வார்டருக்கு அவன் முதுகுதான் தெரியும்.

பாஸ்போர்ட் அவனுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் ஆளைப் பார்க்கவில்லை, மேசைத் திரையைப் பார்த்தார். படத்தின் அடி விளிம்பில் ஏதோ கறுப்பாக ஆடுவது தெரிந்தது. விரல் நுனிகள். ஸ்டூடியோவில் குழந்தையைத் தூக்கிப் பிடிக்கிற அம்மாவின் விரல் இப்படித்தான் வந்து படத்தைக் கெடுக்கும். பெருவிரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. ஓர் அமுக்கு உள்ளே. விளிம்பு சுத்தமாகிவிட்டது. நீதிபதி பதினைந்து நாள் எழுதினார். அந்தப் பையன் கைகளைத் தூக்கியபடியே இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். தன் படம் எது வரை போகிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. நீதிபதி பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்திருப்பான். எழுந்து போகும்போது திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அப்போதுதான் பாஸ்போர்ட் அந்த உள்ளங்கைகளைப் பார்த்தார்.

அவர் எழுந்திருக்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆறாம் நாள் அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். கைப்புண் சீழ்பிடித்து ரத்தத்தில் ஏறிவிட்டதாம்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். இதே அறையில், இதே டி.வி.யில் அந்த நாற்பது வினாடியைப் போட்டுப் பார்த்தார்கள். “படம் ரொம்பத் தெளிவா இருக்கே, யார் எடுத்தது?” என்று ஒருவர் கேட்டார். சூப்பிரண்டு பாஸ்போர்ட்டைக் காட்டினார். “நல்ல வேலை” என்றார் வந்தவர். “தேங்க்ஸ் சார்” என்றார் பாஸ்போர்ட். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. காணொளியில் காயம் எதுவும் தென்படவில்லை என்று அறிக்கை எழுதிக்கொண்டு போனார்கள். முப்பத்தோராவது வினாடியில் படம் ஒரு நூல் உள்ளே போகிறது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அன்றைக்கே ஒரு பக்கம் செத்துவிட்டது. அந்த ‘தேங்க்ஸ் சார்’ மட்டும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னார். அன்று மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

வேறு நாட்களில் பேசாமல் இருக்க மாட்டார். “ஒவ்வொரு நாளும் இப்படி வந்து சுவரைப் பார்த்து உட்காருறீங்களே, வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இன்னாருக்குக் கை வீங்கியிருக்கு, இன்னாருக்குக் கால் வீங்கியிருக்குன்னு. வாய்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கு, சாப்பிடவா?”

“நான் சொன்னா அது புகாரு. நீ யாரு, உனக்கு எப்படித் தெரியும், எவன் சொல்லிக் குடுத்தான்னு என்னைத்தான் சுத்தி வருவாங்க. படத்துல தெரிஞ்சா யாரும் சொன்னதா ஆகாது. அதுவா தெரிஞ்சது.”

“அதுவா தெரியாத அன்னிக்கு?”

அதற்குள் அவர் எழுந்து கை கழுவப் போயிருப்பார். கோழை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அவரே மறுக்க மாட்டார். அவர் சிறை ஊழியர்கூட இல்லை, ஒப்பந்தத்தில் இருப்பவர். வருடா வருடம் சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டால்தான் வேலை. ஐம்பத்தைந்து வயதில் வேறெங்கே போவது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது வெளியே நடமாடுகிறவர்களுக்குச் சொன்ன பழமொழி. இந்த மதிலுக்குள் வாயில்லாத பிள்ளைதான் பிழைக்கிறது. ஆகவே அவர் பேசாமல், பெருவிரலால் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தார்.

இந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் அவருக்கு நினைவிருக்காது, கை நினைவிருக்கும். கல்யாண வீட்டில் குழுப் படம் எடுத்தால், “கையை ஏன் பின்னாடி கட்டுறீங்க, முன்னாடி போடுங்க” என்று சம்பந்தமில்லாதவர்களை எல்லாம் அதட்டுவார். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால், “கொஞ்சம் பின்னாடி தள்ளி உட்காரும்மா, கை தெரியல” என்றுதான் பேச்சு தொடங்கும். “அப்பா, நான் உங்க பொண்ணா, ரிமாண்டா?” என்று மகள் சிரிப்பாள். ஆனாலும் போனைக் கொண்டுபோய் அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் பேசுவாள். அவர் ஒவ்வொரு விரலாகப் பார்த்துவிட்டு, “ம், சொல்லு” என்பார். அவள் சொல்வதில் பாதி அவர் காதில் விழாது.

மூன்று வருடத்தில் அந்த நாற்காலியில் ஏறத்தாழ பதினெட்டாயிரம் தடவை ஆள் உட்கார்ந்திருக்கிறது. அதில் இரண்டே தடவை நீதிபதியின் கண் முகத்தை விட்டுக் கீழே இறங்கியது. ஒருவனுக்கு மணிக்கட்டு, இன்னொருவனுக்கு உள்ளங்கை. “கையில என்ன அது?” “கீழ விழுந்துட்டேன் ஐயா.” நீதிபதி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். இன்றைக்கே டாக்டரிடம் காட்டி அறிக்கை அனுப்பச் சொல்லி எழுதினார். அந்த இரண்டு பேரும் பிழைத்தார்கள். அவர்களுக்கு பாஸ்போர்ட் யாரென்றே தெரியாது. பதினெட்டாயிரத்தில் இரண்டு. இதற்கா இவ்வளவும் என்று சில நாள் அவருக்குக் கை ஓயும். ஆனாலும் மறுநாள் காலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு அசைய ஆரம்பித்துவிடும்.

போன மாதம் ஒரு வேன் வந்து நின்றது. கேமரா கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர், தோளில் கருவிப்பை, சிரித்த முகம், கெட்டிக்காரி. பழைய கேமராவை அரைமணி நேரத்தில் கழற்றித் துணியில் சுற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாக ஒன்றை மாட்டினாள்.

“இனிமே நீங்க ரிமோட்டையே தொட வேண்டாம் சார். ஆள் உட்கார்ந்தா அதுவே முகத்தைத் தேடிப் பிடிச்சு நெருங்கிடும்.”

“நெருங்காம இருக்கணும்னா?”

அவள் சிரித்தாள். “எதுக்கு சார் நெருங்காம இருக்கணும்?”

“சும்மா கேட்டேன். நிறுத்துற இடம் மெனுவுல எங்க இருக்கு?”

“இதோ இங்க இருக்கு. ஆனா பூட்டியிருக்கு, பாருங்க, எழுத்தெல்லாம் மங்கலா இருக்கில்ல? வெளிச்சமும் அப்படித்தான். தானா மூஞ்சியப் பளிச்சுன்னு ஆக்கிக்கும். மூலையில தெரியுமே சின்னக் கட்டம், அதையும் எடுத்துட்டாங்க. எல்லா ஜெயிலுக்கும் ஒரே செட்டிங், பாஸ்வேர்டு தலைமை அலுவலகத்துல.” திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டே, ஆறுதலாக இன்னொன்றும் சொன்னாள். “இந்த மாற்றமே உங்களாலதான் சார். ஜூம் நழுவுதுன்னு உங்க ஜெயில்லேருந்து மூணு வருஷமா ரிப்போர்ட் வந்துக்கிட்டே இருந்துச்சாம். அந்த மாடலே சரியில்லைன்னு முடிவு பண்ணி எல்லா இடத்துலயும் மாத்தச் சொல்லிட்டாங்க. பாவம், அந்த ஓட்டை மிஷினை வச்சுக்கிட்டு எவ்வளவு கஷ்டப்பட்டீங்களோ.”

நுணலும் தன் வாயால் கெடும். தவளை கத்தினால் தான் மட்டும்தான் பாம்பின் வாயில் போகும். இவருடைய பொய், மாநிலத்திலுள்ள அத்தனை சிறைகளிலும் கேமராவை முகத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டது. பாஸ்போர்ட் அவளுக்கு ஒரு நன்றியும் சொல்லி, வேன் வரை வந்து வழியனுப்பினார். அன்று மாலை மேசையடியில் செருப்பைத் தேடிக் குனிந்தவர், நிமிர மனமில்லாமல் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒரு வாரம் அவர் பட்ட பாட்டை எழுதினால் சிரிப்பு வரும். நாற்காலியைச் சுவரோடு சுவராகத் தள்ளிப்போட்டார். கேமரா அங்கேயும் துரத்திப்போய்க் கழுத்தோடு நிறுத்தியது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். இரண்டு வரியில் பதில் வந்தது: சுற்றறிக்கையின்படி முகமும் தோளும் போதுமானது. பழைய வேலையின் ஞாபகமோ என்னவோ, ஒரு முகப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, நாற்காலியில் முழங்கால் உயரத்துக்கு ஒட்டிப் பார்த்தார். இரண்டு முகம் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டத் தள்ளிப்போகும் என்று கணக்கு. அது ஏமாறவில்லை. கண் சிமிட்டாத முகத்தை அந்த மிஷின் முகமாகவே எடுத்துக்கொள்ளாதாம். அதற்குத் தெரிகிறது, உயிர் இருக்கிறதா இல்லையா என்று.

வழி கிடைத்தது தரை துடைக்கிற அம்மாவால். பாஸ்போர்ட் கைதியின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, மெனுவின் உள்ளே சோதனைக்கென்று இருக்கும் படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா பக்கத்தில் குத்தவைத்து ஈரத் துணியைப் பிழிந்தார். கேமரா ஒரு கணம் தயங்கிவிட்டுப் பின்னால் போனது. படத்தில் மேலே இவர் முகம், கீழே அந்த அம்மாவின் முகம், நடுவில் இவர் மடியும் கையும்.

“அக்கா, அப்படியே இருங்க, அசையாதீங்க.”

“ஐயோ, என்னய்யா? பல்லியா?”

“இல்லக்கா. இப்ப எழுந்திரிங்க. ம். இப்ப மறுபடி உட்காருங்க.”

“முட்டி வலிக்குது எனக்கு, விளையாடவா வந்தேன்?” என்று அந்த அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் எழுந்ததும் படம் மறுபடி கழுத்தோடு வந்து நின்றது. பக்கத்தில் கீழே இன்னொரு உயிருள்ள முகம் இருந்தால் போதும் என்று பாஸ்போர்ட்டுக்குப் புரிந்தது. ஆனால் கைதியைத் தவிர வேறு யாரும் சட்டத்துக்குள் வரக் கூடாது என்பது முதல் விதி. அதனால் அந்த யோசனையை அப்போதே மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

அதற்கு நாலாவது நாள், வரிசையில் பதினோராவதாக ஒரு பெயிண்டர் வந்தார். நாற்பது வயதிருக்கும். இடது கையால் வலது கையை ஏந்திக்கொண்டு நடந்து வந்து, அதை மடியில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை பாஸ்போர்ட் திரையைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். மணிக்கட்டு மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. விரல்கள் ஊதி, நகமெல்லாம் கறுத்திருந்தது.

கேமரா முகத்தைக் கண்டுபிடித்து நெருங்கியது. மேசைத் திரையில் தோள், கழுத்து, வெள்ளை வெளேரென்று ஒரு முகம்.

“கையைக் கொஞ்சம் மேல தூக்க முடியுமாப்பா?” பாஸ்போர்ட் உதடு அசையாமல் கேட்டார்.

“தூக்க வரல சார்.”

“பேச்சு வேண்டாம் பாஸ்போர்ட்டு” என்றார் வாசலில் இருந்த வார்டர். கெட்டவர் இல்லை, மதியம் தன் டப்பாவில் பாதியை இவருக்குத் தருகிறவர். குரலைத் தாழ்த்தி, “எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு” என்றார்.

டி.வி.யில் நீதிபதியின் வகிடு மட்டும் தெரிந்தது. தலையைக் கோப்பில் கவிழ்த்து எழுதிக்கொண்டிருந்தார். எழுத்தர் அம்மா பெயரையும் எண்ணையும் படித்து முடித்தார். “ஏதாவது சொல்லணுமா?” என்று நிமிராமலேயே கேட்டார் நீதிபதி.

பெயிண்டர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “இல்லைங்க ஐயா.”

இன்னும் பத்து வினாடி இருக்கும். ஒரே ஒரு சொல் போதும். பாஸ்போர்ட் வாயைத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஒன்பது வருடம் மூடியிருந்த வாய், அவ்வளவுதான். ரிமோட்டை மேசையில் வைத்தார். எழுந்து நாலடி நடந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டியை ஊன்றி, மறு முட்டியை மடக்கி, தரையில் உட்கார்ந்தார். பெயிண்டரின் மடியில் கிடந்த கைக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்துக் கேமராவை அண்ணாந்து பார்த்தார். மடியிலிருந்து மருந்து வாடையில்லாத புண்ணின் வாடை வந்தது.

கேமரா தயங்கியது. பிறகு மெல்லப் பின்வாங்கியது.

“பாஸ்போர்ட்டு, எந்திரி. வேலை போயிடும், எந்திரிய்யா” என்று வார்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவரும் படத்தில் விழாமல் இவரை இழுக்க முடியாது, அதனால் வாசலிலேயே தவித்தார்.

“யாரது கீழே?” என்றது எழுத்தர் அம்மாவின் குரல். “டெக்னீஷியன் சார், நீங்களா? எழுந்து போங்க சார், பிரேமுக்குள்ள இருக்கீங்க.”

நீதிபதி இன்னும் நிமிரவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் எழுந்திருக்கவில்லை. அந்த ஊதிப்போன கையை ஒட்டி முகத்தை வைத்தபடி, மிஷின் தன்னை உயிருள்ள முகம் என்று நம்பிக்கொண்டே இருப்பதற்காக, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.